அஞ்சு காசுத் தலை

கோத்ரி உச்சந்தலையில் பன்றிக்கொழுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஊர்ப் புனிதர் தெல்வேனாரின் திருநாளன்று காலையில் தலைக்காசுக்காரர் வீடுகளில் எல்லாம் நடக்கிற வேலைதான் அது. கொழுப்பு குளிரில் முடியோடு உறைந்துவிட்டால் நான்கு காசும் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். கோவிலில் நடுவழியில் காசு உருண்டோடி ஊர் சிரிக்க வேண்டியதில்லை. போன வருடம் அவன் தலையிலிருந்து ஒரு காசுகூட விழவில்லை. விழுந்து தொலைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று இந்த ஒரு வருடத்தில் அவன் நினைக்காத நாள் இல்லை.

நின்ற இடத்திலும் அவன் குனிந்தபடிதான் நின்றான். லுவார் ஆற்றங்கரையின் வெள்ளைப் பாறையைக் குடைந்து செய்த வீடு அது. குடைந்தவன் யாரோ குட்டையான ஆள். கோத்ரி அந்த ஊரிலேயே உயரமானவன். பதினைந்து வயதில் கூரையில் நெற்றியை இடித்துக்கொள்ள ஆரம்பித்து, பதினாறு வயதுக்குள் குனியப் பழகிவிட்டான். வீட்டில் குனிவு, திராட்சைக் கொடிக்கு நடுவே குனிவு, மணியக்காரர் எதிரே வந்தால் குனிவு. முழுசாக நிமிர்ந்தால் அவன் எவ்வளவு உயரம் என்று இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியாது.

அந்தப் பெண்டாட்டி எர்சாந்து அடுப்பில் பீன்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"யோவ், போதும். தலையா அது, வாணலியா?"

"இன்னும் கொஞ்சம் படியணும்."

"கொழுப்பெல்லாம் உனக்குத் தலைக்கு வெளியதான். உள்ள கொஞ்சம் இருந்திருந்தா நமக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

இந்த ஒரு விஷயத்தில் அவள் என்ன சொன்னாலும் அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. நியாயமாகப் பட்டதால் இன்னும் அதிகமாக வலித்தது.

அவளுடைய காசு முந்தானைபோல் தோளில் கிடந்த துணியின் ஓரத்தில் முடிந்திருந்தது. அவிழ்த்து இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிந்துகொண்டாள். பெரிதாகச் சொல்லிக்கொள்கிற மாதிரியான காசு அல்ல. கட்டைவிரல் நகத்தளவு, இலைபோல் மெலிசு. வாந்தோம் கோட்டைக்குள் பிரபுவின் பட்டறையில் சுத்தியலால் அடித்தது. அடி கொஞ்சம் தள்ளி விழுந்ததில் ஒரு பக்கம் சிலுவை முக்கால்தான் வந்திருந்தது, விளிம்பு வெடித்திருந்தது. வெள்ளிக்காசு என்று பெயர், கடித்தால் செம்பு வாசம். மறுபக்கம் இருப்பது ஒரு தலை என்று பட்டறைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஒருத்தன் வெட்டிய அச்சைப் பார்த்து அடுத்தவன், அவனுடையதைப் பார்த்து அதற்கடுத்தவன் என்று இருநூறு வருடம் வெட்டியதில் மூக்கு ஒரு கொக்கியாகவும் கண் மூன்று புள்ளியாகவும் போய்விட்டன. பக்கத்து வீட்டு வித்தால் அதைச் சீப்பு என்பான். கோத்ரியின் மகள் ஒசானுக்குச் சின்ன வயதில் அது கவிழ்ந்த படகு.

ஆனால் அந்த ஊரில் ஒரு மனிதன் யார் என்பதை இந்தக் காசுதான் சொல்லும். எத்தனை காசு என்பதைவிட அதை எங்கே வைக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருந்தது. மடத்துக்குச் சொந்தமானவர்கள் திருநாளன்று நான்கு காசைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய சாமியாரின் நாற்காலி முன்னால் போய்க் கழுத்தைத் தாழ்த்த வேண்டும். அவர் தம் கையால் எடுத்துக்கொள்வார். எடுத்துவிட்டால் அந்தத் தலை இன்னொரு வருடத்துக்கு மடத்துடையது. எங்கே குடியிருக்கலாம், யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் மடம் சொல்கிறபடி. இன்னொரு வகை பீடக்காசுக்காரர்கள். எந்தக் காலத்திலோ தெல்வேனாருக்கு மட்டும் தங்களை ஒப்புக்கொடுத்தவர்களின் வாரிசுகள். அவர்கள் ஒரே ஒரு காசைத் தங்கள் கையால் கொண்டுபோய்ப் பீடத்தின் மேல் வைப்பார்கள். குனிய வேண்டியதில்லை. வைத்துவிட்டால் பிரபுவோ சாமியாரோ யாரும் அவர்களை என் ஆள் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் தாய் எதுவோ அது. கோத்ரி தலைக்காசு. எர்சாந்து பீடக்காசு. அதனால் ஒசானும் பீடக்காசு. இதற்கெல்லாம் ஏடு கிடையாது. நூறு பேர் கண்ணால் பார்த்தது எதுவோ அதுதான் சாட்சி.

போன வருடத் திருநாளின்போது எர்சாந்து காய்ச்சலில் கிடந்தாள். உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து தன் காசை அவன் கையில் கொடுத்து, "இத எங்க அண்ணங்கிட்ட குடு. அவன் எனக்காகப் பீடத்துல வெப்பான்," என்றாள். அவன் ஐந்து காசையும் ஒரே கையில் மூடிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம், திரும்பி வரும்போது இவள் இருப்பாளா மாட்டாளா என்ற ஒரே எண்ணம். அண்ணன் இருந்த பக்கம் அவன் பார்க்கவே இல்லை. வரிசை நகர்ந்தது, அவன் முறை வந்தது, முப்பது வருடமாகச் செய்த பழக்கத்தில் கை மேலே போனது. கையில் இருந்ததை எல்லாம் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கழுத்தைத் தாழ்த்தினான்.

அப்போது இருந்த பெரிய சாமியார் கிழவர், கண் மங்கியவர். நான்கு எடுத்த பிறகு விரலில் இன்னொன்று தட்டுப்பட்டது. "இது யாருதுப்பா?" என்றார்.

"எம் பொண்டாட்டியோடதுங்க சாமி," என்றான் கோத்ரி.

கோவிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துக்கொண்டே ஐந்தாவதையும் அதே பையில் போட்டார். கோத்ரியும் சேர்ந்து சிரித்தான். அதை நினைத்தால்தான் இப்போதும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

எர்சாந்து பிழைத்துக்கொண்டாள். பிழைத்து எழுந்து விஷயத்தைக் கேட்டவள் நாற்பது நாள் அவனோடு பேசவில்லை. ஊர் அவனுக்கு அஞ்சு காசுத் தலையன் என்று பேர் வைத்தது. வைத்தவன் வித்தால். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கிழவர் செத்து, புதிதாக ஒரு பெரிய சாமியார் வந்தார். மணியக்காரர் தெஸ்லின் அவர் காதில் என்ன ஓதினாரோ, ஒருநாள் நேராக வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். தெஸ்லினும் தலைக்காசுக்காரர்தான். அதை மறக்கடிப்பதற்காக மற்றவர் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பவர்.

"எர்சாந்து காசு தலையிலேருந்து எடுத்தாச்சு. நூறு பேரு பாத்தாங்க. உம் புருஷனே அவன் வாயால சொல்லியிருக்கான். இனிமே நீயும் தலைக்காசு, உம் பொண்ணும் தலைக்காசு. பொண்ண வாந்தோமுக்குக் கட்டிக் குடுக்கறதா பேசறாங்களே, அதெல்லாம் நடக்காது. வெளியில குடுக்க மடத்துல உத்தரவு இல்ல."

ஒசானைக் கேட்டிருந்தவன் வாந்தோமில் தோல் பதனிடுகிற ஆமோன். கையெல்லாம் கறை, பேச்சில் நல்லவன். ஆனால் தலைக்காசுக்காரியைக் கட்டினால் பிறக்கிற பிள்ளைகளை மடம் வந்து பங்கு கேட்கும் என்று அவன் அப்பாவுக்குப் பயம். திருநாள் முடியட்டும், பீடத்தில் காசு ஏறுகிறதா பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாலை மணி அடிப்பதற்குள் எர்சாந்தின் காசு பீடத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், காசே கொடுக்காதவள் என்று ஆகிவிடும். அப்படி ஆனவர்களையும் மடம் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஒசான் உள்ளேயிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரலில் அழுகை இல்லை.

"அம்மா, அவங்க வைக்க விடலன்னா நான் ஓடிப்போயிடுவேன். ஆமோன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"ஓடறவ தலைக்காசுக்காரி. நீ நடந்து போவ," என்றாள் எர்சாந்து. பிறகு கோத்ரியின் பக்கம் திரும்பினாள். "இந்தா பாரு. இன்னிக்கு நீ ஒண்ணும் செய்யாத. வாயத் தொறக்காத. உங்காச வெச்சியா, குனிஞ்சியா, வந்தியான்னு இரு. நீ செஞ்ச உதவி ஏழு தலைமுறைக்குப் போதும்."

"சரி," என்றான் கோத்ரி.

கோவிலுக்குள் ஈரக்கம்பளி வாசமும் மெழுகு வாசமும் சேர்ந்து அடித்தன. வெளியே மடத்துக்காரர்கள் புது ஒயின் பீப்பாய்களையும் உப்புக்கண்டத்தையும் இறக்கி வைத்திருந்தார்கள். காசு எடுத்து முடிந்த பிறகுதான் சாப்பாடு. சனங்களுக்குப் பாதிக் கண் பீடத்தில், பாதிக் கண் வாசலில். புதுப் பெரிய சாமியார் பீடத்துக்கு வலப்பக்கம் நாற்காலியில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். குள்ளமானவர், சுத்தமானவர், நகங்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். மணிக்கயிற்றின் பக்கத்தில் ஒயினுக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு மணியடிக்கிற ஊடோ நின்றிருந்தான்.

முதலில் பீடக்காசுக்காரர்கள். பன்னிரண்டு பேர். பதினோரு பேர் ஒருவர் பின் ஒருவராக மூன்று படி ஏறிக் காசை வைத்துவிட்டு இறங்கினார்கள். எர்சாந்து முதல் படியில் காலை எடுத்து வைக்கப்போனபோது மடத்து ஆலையில் வேலை செய்கிற ஆட்கள் இரண்டு பேர் தடியைக் குறுக்கே நீட்டினார்கள்.

"உன் வரிசை அந்தப் பக்கம்," என்றார் தெஸ்லின்.

"எங்கம்மா ஏறின படி இது. அவங்கம்மா ஏறின படி."

"உங்காசு போன வருஷம் தலையில இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. யாரு தலையில இருந்துச்சு? எந் தலையிலயா?" எர்சாந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கேட்டாள். "எங்காசு அந்த மனுஷன் தலையில ஏறிச்சுன்னா, அவரு எனக்குக் கட்டுப்பட்ட ஆளுன்னு வேணா வெச்சுக்குங்க. அதுக்கு நான் ஒத்துக்கறேன்."

சிரிப்பு கிளம்பியது. பெண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே கிளம்பியது. தெஸ்லினின் காது சிவந்தது. பெரிய சாமியார் நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"மகளே, சண்டை வேண்டாம். அந்த வரிசைக்குப் போ. மணி அடிக்கிறதுக்குள்ள போகலேன்னா நீ எதுவுமே குடுக்கலேன்னு ஆயிடும். அது இதைவிட மோசம்."

எர்சாந்து போகவில்லை. காசைக் கைக்குள் மூடிக்கொண்டு தடிக்கு முன்னால் அப்படியே நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். போகச் சொல்லித் தள்ளினால் தெரு நாய்க்கு விழுகிற மாதிரி வசவு விழும் என்று தெரிந்திருந்ததால் தடிக்காரர்களும் அவளைத் தொடவில்லை. ஒசான் தூணோரத்தில் நின்று அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக்காசு வரிசை ஆரம்பித்தது. வீட்டு வரிசைப்படி அறுபத்து மூன்று குடும்பம். கோத்ரியின் வீடு ஐந்தாவது. முன்னால் நான்கு பேர் போய்க் குனிந்தார்கள். பின்னால் நின்ற வித்தால் அவன் காதருகில் சொன்னான்.

"இந்தத் தடவையாவது எண்ணி வை மாப்ள."

கோத்ரி எண்ணித்தான் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கொழுப்பில் அவை சில்லென்று ஒட்டிக்கொண்டன. நடந்தான். நாற்காலிக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றான். இங்கே முழங்காலை மடக்க வேண்டும், பிறகு கழுத்தை மெதுவாகத் தாழ்த்த வேண்டும். முப்பது வருடமாகத் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய வேலை. அந்தத் தூக்கம்தானே போன வருடம் குடியைக் கெடுத்தது என்று நினைத்தான். இடது கண்ணின் ஓரத்தில் எர்சாந்து தெரிந்தாள். அவளுடைய மூடிய கை தெரிந்தது. ஒன்றும் செய்யாதே என்று அவள் சொன்னது நினைவிருந்தது. அவன் செய்யவும் இல்லை. குனியாமல் இருந்தான், அவ்வளவுதான்.

முதலில் அது கோபமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. கோபம். ஒரு வருடமாகத் தன் மேலேயே வைத்திருந்த கோபம். அது இப்போது தன்னைத் தாண்டி எதிரே மெத்தையில் உட்கார்ந்திருந்தவர்மேல் போய் நின்றது. முதுகை நிமிர்த்தினான். எங்கோ எலும்பு சொடுக்கியது.

"குனிடா," என்றார் தெஸ்லின்.

"குனியறேன் மணியக்காரரே. எம் பொண்டாட்டி காசு பீடத்துல ஏறட்டும். அப்புறம் குனியறேன்."

தாடையை அதிகம் அசைக்காமல்தான் சொன்னான், காசு விழக்கூடாதே என்று. அதனால் சத்தம் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் கோவிலில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"யோவ்!" என்றாள் எர்சாந்து அங்கிருந்து. "உன்ன நான் என்ன சொன்னேன்?"

"நான் ஒண்ணும் செய்யல புள்ள. சும்மாதான் நிக்கறேன்."

வித்தால் தும்முகிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். தெஸ்லின் கோத்ரியின் முகத்துக்கு நேரே வந்து நிற்கப் பார்த்தார். மார்பு வரைக்கும்தான் வர முடிந்தது.

"உன் திராட்சைத் தோட்டத் துண்ட இன்னிக்கே வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். வீட்ட அடைச்சுப்புடுவேன்."

"துண்டக் குடுங்க. பாறைய எப்படி அடைப்பீங்க?"

தெஸ்லின் தடிக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். "பிடிச்சுக் குனிய வைங்கடா இவன!" இரண்டு பேரில் ஒருவன் வந்தான். வந்தவன் கோத்ரியின் தலையைப் பார்த்துத் தயங்கினான். தலையில் ஏறிவிட்ட காசு தெல்வேனாருடையது. பெரிய சாமியார் கையைத் தவிர வேறு யார் கை பட்டு அது தரையில் விழுந்தாலும், விழவைத்தவன் மூன்று வெள்ளிக்கிழமை வெறும் முழங்காலால் கோவிலைச் சுற்றி ஊர்ந்து வர வேண்டும். அந்த வருடம் சீக்கிரமே உறைபனி இறங்கியிருந்தது. அவன் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

"மாமா, நீங்களே புடிங்க," என்றான் தெஸ்லினிடம்.

தெஸ்லின் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வரிசையின் பின்பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பொம்பளைக் குரல், "குனிஞ்சு தொலைடா, பிள்ளைங்க காலைலேருந்து ஒண்ணும் திங்கல," என்றது. "இவன் பொண்டாட்டிக்கு ஒரு ஞாயம், நம்ம பொண்டாட்டிக்கு ஒரு ஞாயமா?" என்றான் இன்னொருவன். கோத்ரிக்கு அந்த வார்த்தைகள் கழுத்தில் சூடாக விழுந்தன. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவர்களில் யாருடைய பெண்ணும் வாந்தோமுக்குப் போகப் போவதில்லை. ஒரு கணம் முழங்கால் தானாகவே மடங்கப் பார்த்தது. உடனே விறைத்துக்கொண்டான். இப்போது குனிந்தால் இதற்கு மேல் வாழ்நாளில் நிமிரவே வராது என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

பெரிய சாமியார் எழுந்தார். நிதானமாக வந்து கோத்ரியின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தினார். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினார். விரல் நுனி கோத்ரியின் காதுக்கு வந்தது. கோவிலில் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது வித்தால் வரிசையை விட்டு விலகிப் போய், மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் ஏறி நிற்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மரியாதையாகக் கீழே வைத்து, தன் கைக்குட்டையால் துடைத்தும் விட்டான்.

"சாமி, ஏறிக்குங்க. நான் காலப் புடிச்சுக்கறேன்."

பெரிய சாமியார் ஒரு காலைத் தூக்கி முக்காலியில் வைத்துவிட்டார். வைத்த பிறகு தெஸ்லின் போட்ட சத்தத்தில் தூணில் இருந்த புறாக்கள் கிளம்பின.

"வேணாம் சாமி! ஏறாதீங்க! எடுக்காதீங்க!"

"ஏன்?" என்றார் அவர், கால் முக்காலியிலேயே இருக்க.

அதற்குப் பதில் சொன்னவன் வித்தால்தான். முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"குனிஞ்ச தலையிலேருந்து எடுத்தாத்தான சாமி அது தலைக்காசு? இவன் நிமிந்து நிக்கறான். நீங்க ஏணி வெச்சு எடுத்தீங்கன்னா, நூறு பேரு பாப்போம், கோத்ரி குனியாமலே குடுத்தான்னு. அடுத்த வருஷம் நானும் குனிய மாட்டேன். தலையில இருந்து எடுத்தத நூறு பேரு பாத்தா அது சட்டம்னு மணியக்காரருதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு."

பெரிய சாமியார் காலை மெதுவாகக் கீழே எடுத்தார். அவர் முட்டாள் அல்ல. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவ்வளவுதான். மேற்குச் சன்னலின் வெளிச்சம் தரையிலிருந்து தூணில் ஏறியிருந்தது. ஊடோ மணிக்கயிற்றை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, சாமியாரையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். மணி அடித்தால் எடுக்காத காசு எடுக்காததுதான். அது எர்சாந்தின் ஒற்றைக் காசுக்கு மட்டும் உள்ள விதி அல்ல. தலையில் காசோடு வந்து நின்றவர்களிடம் சாமியார் எடுக்காமல் விட்டால், அந்த வருடம் அந்தத் தலைகள் மடத்துடையவை அல்ல. வரிசையில் இன்னும் ஐம்பத்தெட்டுக் குடும்பம் நின்றிருந்தது.

"இவனைத் தள்ளி நிறுத்திட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு," என்றார் பெரிய சாமியார்.

அடுத்த ஆள் வித்தால். எழுந்தான். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினான். நான்கு காசை எடுத்து, ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணித் தலையில் வைத்துக்கொண்டு கோத்ரியின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் குட்டைதான். ஆனால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கும் இடுப்பு புடிச்சுக்கிச்சு சாமி."

அதற்கடுத்தவன் எர்சாந்தின் வீட்டை எப்போதும் கரித்துக்கொட்டுகிற கொல்லன் ஃப்ரோதோன். அவன் ஒருவரையும் பார்க்காமல் போய் முழங்காலிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினான். சாமியார் எடுக்கக் கை நீட்டினார். எடுத்தார். அதற்கடுத்தவள், பிள்ளைகள் பட்டினி என்று கத்திய அதே பொம்பளை. அவள் தலைத்துணியின் மேல் காசை வைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள். "எம்புட்டு நேரமானாலும் சரி," என்று சொல்லிவிட்டு வித்தாலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் யார் வந்தார்கள், எத்தனை பேர் குனிந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்று கோத்ரி பார்க்கவில்லை. பார்க்க முடியாது. கழுத்தைத் திருப்பினால் காசு விழும். மரக்காலணிகள் நகர்கிற சத்தமும், தன் இரண்டு பக்கமும் மூச்சுகள் கூடுவதும்தான் தெரிந்தன.

கழுத்து நரம்பு இழுத்தது. நெற்றியில் கொழுப்பு உருகி இமையில் வழிந்தது, துடைக்கக் கை போகவில்லை. முப்பது வருடமாக இந்த இடத்தில் அவன் பார்த்தது தரைக்கல்லையும் ஒரு சாமியாரின் செருப்பையும்தான். இப்போது அவன் கண்ணுக்குக் கீழே பெரிய சாமியாரின் வட்டமாகச் சிரைத்த உச்சந்தலை இருந்தது. நடுவில் ஒரு சின்ன மச்சம், அதில் இரண்டு முடி. இவ்வளவு நாள் இதற்கா என்று கோத்ரிக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான்.

பெரிய சாமியார் தடிக்காரர்கள் பக்கம் திரும்பினார். என்ன ஜாடை காட்டினார், காட்டினாரா இல்லையா என்பது கோத்ரிக்குத் தெரியவில்லை. தெஸ்லின், "சாமி, சாமி," என்று இரண்டு தடவை கூப்பிட்டது கேட்டது. பிறகு கல்லில் தடி இழுபடுகிற சத்தம். நகர்த்துகிறார்களா, இன்னும் நெருக்கிப் பிடிக்கிறார்களா? ஒசான் தூணோரத்திலிருந்து, "அம்மா," என்றாள். அந்தக் குரலிலிருந்தும் எதுவும் பிடிபடவில்லை.

மேலே கயிறு முறுக்கிக்கொண்டு கிரீச்சிட்டது. ஊடோ அதைப் பிடித்துவிட்டான்.

கோத்ரி கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினான். இருபது வருடமாகப் பாறை வீட்டின் தரையில் கேட்டுக் கேட்டுப் பழகிய நடை அது, இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற நடை. அது அவனுக்கு இடப்பக்கம், பீடத்துப் பக்கம், ஒரு படியில் ஏறியது.